இடிந்த வீட்டைக் கட்டுவது எப்படி

முழு வீட்டைக் கட்டுவதைவிட இடிந்த வீட்டைக் கட்டத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும். மகனுக்காக மேசையில் ஊர் கட்டத் தொடங்கியபிறகு நான் படித்த முதல் பாடம் அது.

மகன் விளையாடுவது பொம்மைப் படைகளின் போர். ஆட்கள் 28 மில்லிமீற்றர் உயரம். ஆளுக்கொரு சின்ன வட்டத் தட்டு காலடியில் இருக்கும். அளவுநாடாவால் தூரம் அளந்து நகர்த்துவார்கள். சுட்டது பட்டதா தவறியதா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். இங்கிலாந்தில் 1983இல் வெளிவந்த வார்ஹாமர் இந்த வகையில் உலகெங்கும் பெயரெடுத்தது. இரண்டாம் உலக யுத்தத்தை வைத்து ஆடுகிறவர்களும் உண்டு. எதை ஆடினாலும், மேசை வெறுமையாகக் கிடந்தால் ஆட்டம் இல்லை. வெட்டவெளியில் நிற்பவனைச் சுடுவது சுலபம், சுவருக்குப் பின்னால் நிற்பவனைச் சுடுவது கடினம் என்பதே அடிப்படை விதி. ஆகவே சுவர் வேண்டும், சந்து வேண்டும், மாடி வேண்டும், பாதி விழுந்த மதில் வேண்டும். படையைக் கடையில் வாங்கலாம். ஊரைக் கையால் கட்டுவதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் முதன்முதலில் கட்டிய ஊர் பெத்லகேம். யாழ்ப்பாணத்தில், குருநகரில் எங்கள் வீட்டு விறாந்தையில் மார்கழி பிறந்தவுடன் பாலன் குடில் வேலை தொடங்கிவிடும். சீமேந்துப் பேப்பரைக் கசக்கி, களிமண் கரைசலில் தோய்த்து, கவிழ்த்து வைத்த பெட்டிகளின் மேல் போர்த்திக் காயவிட்டால் மலை. சிரட்டைகளில் முளைக்கப் போட்ட பயறு புல்வெளி. உடைந்த கண்ணாடித் துண்டு குளம். மலைச்சரிவில் வரும் வீடுகள் என் பொறுப்பு. சவர்க்காரப் பெட்டி, தீப்பெட்டி, பிஸ்கற் பெட்டி எல்லாவற்றையும் வருடம் முழுவதும் சேர்த்து வைத்திருப்பேன். பிளேட்டால் யன்னல் வெட்டி, உள்பக்கம் சிவப்பு ரிசுப் பேப்பர் ஒட்டி, பின்னால் ஒரு சின்ன விளக்கை வைத்தால் அந்த வீட்டில் ஆட்கள் இருப்பதாகத் தெரியும். பாலனும் மாதாவும் சூசையப்பரும் குடிலுக்குள் இருக்க, ஊரில் ஒரு வீட்டிலாவது வெளிச்சம் தெரிய வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

1990இல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி மாதக்கணக்கில் சண்டை நடந்தது. அந்தக் காலத்துப் போரில் நகர மண்டபமும் கோட்டைக்கு அண்டிய மற்றக் கட்டடங்களும் கல்லும் கம்பியுமாகிப் போயின. பிறகு பொருளாதாரத் தடை. பற்றரி இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, சீமேந்து அறவே இல்லை. சீமேந்து வராதபடியால் சீமேந்துப் பேப்பரும் இல்லை. மலைக்குப் பழைய சாக்கைத்தான் போர்த்தினோம். 1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் கோயில் மீது விமானத்தில் இருந்து குண்டு போட்டார்கள். அடுத்த மாதமும் எங்கள் வீட்டில் பாலன் குடில் எழும்பியது. அதில் ஒரு வீட்டைக்கூட நான் இடிந்த வீடாகச் செய்யவில்லை. அப்படி ஒன்றைச் செய்யலாம் என்ற எண்ணமே எவருக்கும் வரவில்லை. ஒழுங்கையில் பனைமட்டைத் துவக்கோடு ஓடி ஓடிச் சுட்டு விளையாடிய பெடியன்கள்தான் நாங்கள். ஆனால் கையால் எதையாவது கட்டும்போது கூரை உள்ள, வெளிச்சம் உள்ள வீடுகளையே கட்டினோம்.

இப்போது எல்லாம் தலைகீழ். நாங்கள் இருப்பது சுவிசில், லுசேர்ணில். அது உலக யுத்தங்கள் இடிக்காத நகரம். பழைய நகரத்தின் வீடுகள், முசெக் மதிலின் ஒன்பது கோபுரங்கள், எல்லாம் நின்ற இடத்தில் நிற்கின்றன. குருநகர்க் கோயில் குண்டில் சேதப்பட்ட அதே 1993இல், ஓகஸ்ட் 18 அதிகாலை, இங்கே கப்பெல்புறூக்க மரப்பாலம் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோனது. 1994 ஏப்ரலில் அதைத் திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த என் மகன், "அப்பா, இந்த வீட்டை இடிச்சுத் தாங்கோ" என்று கேட்கிறான். இடிந்த ஊருக்குள் இருந்தபோது முழு வீடு கட்டினேன். முழு ஊருக்குள் வந்தபிறகு இடிந்த வீடு கட்டுகிறேன். முதல் தரம் அவன் கேட்டபோது எனக்கு வலித்தது. ஆனால் மறுக்கவில்லை. எப்படியும் கட்டத்தான் போகிறான். இடிந்த வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

எங்களுக்குக் கைவந்த பொருளில்தான் தொடங்கினோம். ஐரோப்பாவில் நம்மவர் கலியாண மணவறைகளும் மேடை அலங்காரங்களும் றெஜிபோமால்தான் எழும்புகின்றன. சூட்டுக் கம்பியால் தூணும் வளைவும் வெட்டத் தெரிந்த கைகள் எங்கள் ஆட்களிடம் நிறைய உண்டு. ஆனால் மணவறைக்கு எடுக்கும் வெள்ளை றெஜிபோம் மணி மணியாக உதிரும். ஊர் கட்ட, வீட்டுச் சுவரில் குளிர் தாங்கப் பதிக்கும் கெட்டியான வகை வேண்டும். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று நிறத்தில் வரும். கட்டட வேலை நடக்கும் இடங்களில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டால் தந்துவிடுவார்கள். ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் சுவர் வெட்டி, எழுதி முடிந்த குமிழ்முனைப் பேனையால் கல் வரிசைகளைக் கீற வேண்டும். அலுமினியத் தாளை உருண்டையாகக் கசக்கி அந்தச் சுவர்மேல் அழுத்தி உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். பிறகு வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் கலந்து ஒரு பூச்சு. இந்தப் பூச்சு இல்லாமல் ஸ்பிரே பெயின்ற் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் றெஜிபோமைத் தின்றுவிடும். கறுப்பு காய்ந்ததும், தூரிகையில் வெளிர்சாம்பல் தொட்டுத் துணியில் துடைத்து, கிட்டத்தட்ட வெறும் தூரிகையாக மேலே ஓட்ட வேண்டும். மேடுகளில் மட்டும் நிறம் பிடிக்கும், பள்ளங்கள் கறுப்பாகவே இருக்கும். அப்போதுதான் அது சுவராகிறது.

கூரைக்குக் காலைச்சாப்பாட்டுத் தானியப் பெட்டி. அட்டையை நாடா நாடாவாக வெட்டி, ஒவ்வொரு நாடாவிலும் ஓட்டின் அகலத்துக்கு ஒரு வெட்டாகப் பாதிவரை கத்தரித்து, கீழ்விளிம்பில் இருந்து மேலே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போகவேண்டும். மேலிருந்து கீழே ஒட்டினால் மழைத்தண்ணி உள்ளே போகிற கூரையாகிவிடும். மேசையில் மழை பெய்யாதுதான். ஆனாலும் ஓடு வேய்கிறவர் எந்த ஒழுங்கில் வேய்வாரோ அந்த ஒழுங்கிலேயே செய்யவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். மகனும் இப்போது அப்படித்தான்.

இப்போது இடிக்க வேண்டும். கடையில் வாங்கும் இடிந்த வீடுகள் பலவற்றில் எனக்குள்ள குறை இதுதான்: அவை ஒருநாளும் முழு வீடாக இருந்ததில்லை. சுவரில் அழகான ஓட்டை இருக்கும், நிலம் கூட்டித் துடைத்ததுபோல் இருக்கும். மகனும் தொடக்கத்தில் அப்படித்தான் வெட்டினான்.

"தம்பி, இதில இருந்த கல்லெல்லாம் எங்கை?"

"அது பறந்திட்டுது அப்பா."

"பறக்காது. கீழதான் விழும்."

சுவரில் எவ்வளவு கல் குறைகிறதோ அவ்வளவு கல் அதன் காலடியில் குவிந்திருக்க வேண்டும். வெட்டி எடுத்த துண்டை எறியாமல், அதையே உடைத்து அடியில் கொட்டுவது எங்கள் வீட்டில் இப்போது சட்டம். குண்டு விழுந்த வீட்டில் முதலில் போவது கூரை. ஓடு தெருவில் கிடப்பதைவிட அறைக்குள்தான் அதிகம் கொட்டிக் கிடக்கும். சுவரின் நடுப்பகுதி விழும், மூலை நிற்கும். மூலையில் இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. கதவு போனாலும் நிலை நிற்கும். விழாத சுவரில் ஆணி அப்படியே இருக்கும், சில வேளை அதில் மாட்டியதும் இருக்கும்.

இடிந்த வீட்டுக்கு வயதும் உண்டு. முதல் கிழமையில் வெட்டுமுகம் வெள்ளையாக இருக்கும், சுண்ணாம்புத் தூள் எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். கொஞ்சக் காலம் போனால் மரம் இருக்காது. கதவு, யன்னல், வளை, சிலாகை எல்லாம் விறகுக்கோ வேறு வீட்டுக்கோ போய்விடும். நல்ல ஓடுகளையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இருபது வருடம் போனால் மரம் திரும்பி வரும், ஆனால் உயிருள்ள மரமாக. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டிருந்த காணிகளைப் பல ஆண்டுகள் கழித்து விட்டபோது, சனம் போய்ப் பார்த்தது கூரையில்லாத சுவர்களையும் அறைக்குள் வளர்ந்து நின்ற மரங்களையும் பற்றைக் காட்டையும்தான். ஆலம்விழுது சுவரைப் பிளந்த வீட்டை மேசையில் கட்ட, சணலைப் பிரித்துப் பசையில் தோய்த்துச் சுவரோடு ஒட்டுகிறோம். எந்த வயதில் இடிந்த வீட்டைக் கட்டுகிறோம் என்று முதலில் முடிவெடுக்காவிட்டால், புதுத் தூளும் பழைய பாசியும் ஒரே சுவரில் வந்து பொய்யாகிவிடும்.

மேசையில் நிலம் செய்வது பிள்ளைகள் கண்டுபிடித்த வேலை அல்ல. பிரான்சில் பதினான்காம் லூயியின் போர் அமைச்சர் லூவுவா 1668இல் கோட்டை நகரங்களை 600இல் ஒரு பங்கு அளவில் செய்துவைக்கத் தொடங்கினார். மரக்கட்டை வீடுகளில் வர்ணக் காகிதம் ஒட்டி, பட்டு நூலில் மரங்கள் செய்தார்கள். 1812இல் பிரஷ்ய அரசருக்கு றைஸ்விட்ஸ் என்பவர் செய்து கொடுத்த போர்விளையாட்டு மேசையில் மலை, ஆறு, தெரு எல்லாம் மாற்றி மாற்றி அடுக்கும் வார்ப்புத் துண்டுகளாக இருந்தன. எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் படைகளுக்கு விதி எழுதி 1913இல் புத்தகம் போட்டார். பொம்மைச் சண்டை போதும், உண்மைச் சண்டை வேண்டாம் என்று அதில் மன்றாடியிருந்தார். மறு வருடம் முதலாம் உலக யுத்தம் தொடங்கிவிட்டது.

ஆனால் இந்த வேலையின் உச்சம் எங்கே என்று கேட்டால், எங்கள் வீட்டில் இருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது என்பேன். லுசேர்ணில் பாறையில் குடைந்த சிங்கத்தைப் பார்க்காத தமிழர் இல்லை. விருந்தினர் வந்தால் படம் எடுக்க முதலில் கூட்டிக்கொண்டு போவது அங்கேதான். அதற்குப் பக்கத்திலேயே கிளெற்சர்கார்ட்டன் என்ற பனியாற்றுப் பூங்கா. அதற்குள் நுழைகிறவர்கள் குறைவு. அங்கே 26 சதுர மீற்றர் பரப்பில் நடுச்சுவிஸ் முழுவதும் மலையும் ஏரியும் ஊருமாகக் கிடக்கிறது. செய்தவர் பிரான்ஸ் லூட்விக் ஃபீஃபர், பிரெஞ்சுப் படையில் லெப்ரினன்ற் ஜெனரலாக இருந்த லுசேர்ண்காரர். 1762இல் தொடங்கி 1786இல் முடித்தார். மலைகளில் தானே ஏறி அளந்து செய்தார். நாட்டை வேவு பார்க்கிறான் என்று சந்தேகப்பட்ட குடியானவர்கள் அவரை இரண்டு தடவை பிடித்து வைத்தார்கள், சில இடங்களில் நிலா வெளிச்சத்தில்தான் அளக்க முடிந்தது என்று, 1776இல் இந்த மாதிரியைப் பார்த்த ஆங்கிலப் பயணி வில்லியம் கொக்ஸ் எழுதியிருக்கிறார். கரி, சுண்ணாம்பு, களிமண், கொஞ்சம் கீல், மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு: அவர் சொல்லும் கலவை இது. மிதித்தாலும் சேதமாகாத அளவுக்குக் கெட்டியாம்.

அந்த மாதிரியின் முன்னால் நான் நீண்ட நேரம் நின்றிருக்கிறேன். எனக்கு அதில் பெரிதாகப் படுவது மலை அல்ல. காட்டுக்குக் காடு மரத்தின் வகையைப் பிரித்துக் காட்டியிருக்கிறார், பாதைகளையும் வீடுகளையும் விடவில்லை. யுத்தத்தில் உயர்பதவி வகித்த ஒரு மனிதர் வயது போன காலத்தில் உட்கார்ந்து தன் ஊரை ஒரு பாதை தவறாமல் கட்டியிருக்கிறார், சண்டை நடக்காத ஊராக. என் கையில் அதிகாரம் இருந்தால் லுசேர்ணில் படிக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையையும் ஒருநாள் அதன்முன் நிறுத்துவேன்.

அங்கிருந்து நாலு எட்டு நடந்தால் பூர்பாக்கி பனோரமா. எடுவார் காஸ்ட்ர் 1881இல் ஜெனீவாவில் தன் குழுவோடு தீட்டிய வட்ட ஓவியம், 112 மீற்றர் நீளம். இளம் ஃபெர்டினாண்ட் ஹோட்லரும் அந்தக் குழுவில் இருந்தார். 1889 முதல் லுசேர்ணில் இருக்கிறது. 1871 பெப்ரவரியில் தோற்றுப்போன பிரெஞ்சுப் படையினர் 87,000 பேர் லே வெரியேர் எல்லையில் துவக்குகளைக் குவித்துவிட்டுச் சுவிசுக்குள் தஞ்சம் வந்த காட்சி. ஓவியத்துக்கு முன்னால் உண்மையான மண்ணும் வேலியும் ஆளளவு உருவங்களும் ரயில் பெட்டியும் வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் மண் முடிந்து சீலை தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாது. மேசையின் விளிம்பில் ஊரை எப்படி முடிப்பது என்ற எங்கள் நெடுநாள் சிக்கலுக்கு அங்கேதான் விடை கிடைத்தது: விளிம்பை நெருங்க நெருங்க வீடுகளை உயரம் குறைத்து, நிறத்தை வெளிறச் செய்து, பின்னால் வானம் தீட்டிய அட்டையை நிறுத்திவிட்டோம்.

அந்த ஓவியத்தில் ஒருவரும் ஒருவரையும் சுடவில்லை. பனிக்குள் நடக்கிறார்கள், விழுகிறார்கள், ஊர்ச்சனம் ஓடிவந்து தாங்குகிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்து இலட்சக்கணக்கான சனம் செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தால், மழைக்குள் நடந்தது. அதில் நானும் ஒருவன். அதை மகனுக்கு நான் முதன்முதலில் சொன்னது இந்த ஓவியத்தின் முன்னால் நின்றுதான். அதற்குப் பிறகு எங்கள் மேசையில் ஒரு விதி சேர்ந்தது. ஊர் என்றால் உள்ளே சனம் இருக்கும். சனத்தைப் பாலம் கடக்கவிட்ட பக்கம்தான் வென்ற பக்கம். கடைகளில் படைவீரர் வகை வகையாகக் கிடைக்கிறார்கள். மூட்டை சுமந்த பெண்ணும் சைக்கிள் உருட்டும் கிழவரும் கிடைப்பது அரிது. அவர்களைப் பச்சைநிறப் பசைமாவில் நாங்களே பிடிக்கிறோம்.

அம்மாவுக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. "பட்டது காணாதே, இனி மேசையிலயும் வேணுமே?" என்று என்னைப் பேசுவார். அவருடைய கோபம் நியாயமானது, நான் எதிர்த்துச் சொல்வதில்லை. ஆனாலும் ஒருநாள் கிட்ட வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகன் கட்டிய தெருவைக் குனிந்து பார்த்தார்.

"கிணறு எங்கையடா?"

"அப்பம்மா, ஐரோப்பாவில வீட்டுக்குக் கிணறு இல்லை."

"கிணறில்லாத வீட்டில ஆர் இருப்பினம்?"

அந்தக் கேள்வியோடு, அதுவரை கட்டிவந்த ஜேர்மன் நகரங்களை நாங்கள் ஒதுக்கி வைத்துவிட்டோம். இப்போது மேசையில் எழும்புவது யாழ்ப்பாணத்து ஒழுங்கை. கிடுகு வேலிக்குச் சாக்குத்துணியைப் பசையில் நனைத்து விறைக்கவிடுகிறோம். துலாவுக்கு சூப்பிக் குச்சி போதாது, உண்மையான மரக்கிளையில் வளைவு பார்த்து எடுக்கவேண்டும். துலாவின் அடிக்கட்டையில் கல் கட்டவேண்டும் என்பதை அம்மாதான் திருத்தினார். சங்கடப்படலையின் குட்டிக் கூரைக்கு ஓலை எப்படி மடியும் என்று மகனுக்குக் கைபிடித்துக் காட்டியதும் அவர்தான். நாற்சார் வீட்டின் முற்றத்துக்குள் மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும், அடுப்படி எந்த மூலையில் வரும், மாட்டுக்கொட்டில் காற்றுக்கு எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல மகன் கொப்பியில் கீறிக்கொண்டான். இவற்றுக்கு எந்தக் கொம்பனியும் அச்சோ அட்டைப் பெட்டியோ விற்பதில்லை. முப்பரிமாண அச்சு இயந்திரம் இப்போது வீட்டுக்கே வந்துவிட்டது, லேசரால் வெட்டிய பலகை வீடுகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை நான் குறைசொல்லவில்லை. ஆனால் நோர்மண்டித் தெருவுக்குக் கோப்பு இருக்கிறது, குருநகர் ஒழுங்கைக்கு இல்லை. அந்த அளவுகள் வயது போனவர்களின் தலைக்குள் மட்டும் இருக்கின்றன.

ஆகவே இதை வாசிக்கிற தாய் தகப்பன்மாருக்குச் சொல்வது இது. பிள்ளை போர் விளையாட்டுக் கேட்டால் பயந்து தடுக்காதீர்கள், வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கியும் விடாதீர்கள். பக்கத்தில் இருந்து உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஒழுங்கையைச் சேர்ந்து கட்டுங்கள். வீட்டில் அப்பம்மாவோ அம்மம்மாவோ இருந்தால் அவர்களை முதலில் கேளுங்கள். 28 மில்லிமீற்றர் ஆளுக்கு நாலு சென்ரிமீற்றர் உயரத்தில் வாசல் வைத்தால் போதும். ஒழுங்கை ஆறு சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் பிள்ளையின் கைவிரல் உள்ளே போகாது.